சொல்லுக்கு இரண்டு சாட்சி வேண்டும்: நாவல் வழியே தமிழ் கற்றல்

நம் புக்கிட் மெர்தாஜாம் வட்டாரத்துத் தமிழ் முஸ்லிம் பிள்ளைகளிற் பலர் தேசியப் பள்ளிகளில் மலாய் மொழி வழியே கல்வி பயில்கின்றனர். வீட்டிலும் பாதி மலாய், பாதி தமிழ். தமிழ் எழுத்தைக் கூட்டிப் படிக்கத் தெரிந்த பிள்ளையின் கையில் ஒரு தமிழ் நாவலைக் கொடுத்துப் பாருங்கள். மூன்றாம் வரியில் தெரியாத சொல் ஒன்று வந்து குறுக்கே நிற்கும். "அகராதியைப் பார்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அகராதியோ அந்த ஒரு சொல்லுக்கு எட்டுப் பொருள் கூறும். எட்டில் எதைக் கொள்வது என்று விளங்காமல், பிள்ளை அகராதியையும் மூடிவிடும், நாவலையும் மூடிவிடும்.

இதில் பிள்ளையின் குற்றம் ஒன்றுமில்லை. தெரியாத சொல்லைத் தெரிந்துகொள்வதற்கு முறையொன்று உண்டு. அம்முறை புதியதன்று. நம் மார்க்க அறிஞர்களும் அதை அறிந்திருந்தார்கள். தமிழ் இலக்கண ஆசிரியரும் அதை எழுதி வைத்தார். அதனை எளிய பாடமாக இங்கே தருகின்றோம். பெற்றோர் முதலில் படித்து, பிறகு பிள்ளைகளை அருகில் அமர்த்திக்கொண்டு ஒரு முறை படித்தல் நலம்.

ஊர்ப்பெயர் சொல்லும் பாடம்

முதற்பாடத்தை நம் ஊர்ப்பெயரிலிருந்தே தொடங்குவோம். மலாய் மொழி அறியாத ஒருவர் தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பெயர்ப்பலகையில் 'புக்கிட் மெர்தாஜாம்' என்று இருக்கிறது. சற்றுத் தொலைவு சென்றால் 'புக்கிட் தெங்கா'. இன்னொரு பக்கம் 'புக்கிட் மின்யாக்'. மூன்றும் ஊர்கள், மூன்றிலும் 'புக்கிட்' வருகிறது. ஆகவே 'புக்கிட்' என்றால் ஊர் என்று அவர் முடிவு கட்டக்கூடும். முடிவு நியாயமாகத்தான் தோன்றும், ஆனால் தவறு.

அவர் மறுநாள் தீவுக்குச் சென்று, மலை இரயிலில் ஏறுகிறார். அந்த மலைக்கு மலாயில் 'புக்கிட் பெண்டேரா' என்று பெயர். அஃது ஊரன்று, மலை. இப்பொழுது முதல் ஊகம் விழுந்துவிடுகிறது. புக்கிட் மெர்தாஜாமிலும் ஊரை ஒட்டிக் குன்று நிற்பதை அவர் நினைத்துப் பார்க்கிறார். 'புக்கிட்' என்றால் குன்று, மலை என்பது உறுதியாகிறது. மெர்தாஜாமில் அடங்கியுள்ள 'தாஜாம்' என்ற சொல்லுக்குக் கூர்மை என்பது பொருள் என்று பிறகு யாரேனும் சொன்னால், ஊர்ப்பெயர் முழுவதும் மனத்தில் பதிந்துவிடும்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ஒரே வகையான சான்று மூன்று கிடைத்தும் பொருள் தவறிற்று. வேறு வகைச் சான்று ஒன்று கிடைத்ததும் பொருள் சரியாயிற்று. நிக்காஹுக்கு இரண்டு சாட்சி வேண்டும் என்பது நாம் அறிந்ததே. சொல்லுக்கும் அப்படித்தான். ஓரிடத்தில் கண்ட சொல்லை வேறோரிடமும் சாட்சி சொல்ல வேண்டும்.

இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் பொருள் கண்ட விதம்

இந்த முறைக்கு நம் மார்க்க வரலாற்றிலேயே அழகிய சான்று இருக்கிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் சிறிய தந்தையார் மகனாகிய இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள், திருக்குர்ஆன் விளக்கத்தில் பெரும் புலமை உடையவர்கள். வானங்களையும் பூமியையும் படைத்தவன் என்ற கருத்தில் திருமறையில் வரும் 'ஃபாத்திர்' என்ற சொல்லின் நுட்பமான பொருள் தமக்கு முன்னர் விளங்காதிருந்தது என்று அவர்கள் கூறியதாகத் தப்ஸீர் நூல்களில் வருகிறது. கிணறு ஒன்றைப் பற்றி வழக்காடிக்கொண்டு நாட்டுப்புற அரபிகள் இருவர் அவர்களிடம் வந்தார்களாம். அவர்களில் ஒருவர், அக்கிணற்றை முதன்முதலில் தோண்டத் தொடங்கியவர் தாமே என்பதைச் சொல்ல, அதே வேர்ச்சொல்லைப் பயன்படுத்தினாராம். அப்பொழுதுதான், முன்மாதிரி இல்லாமல் ஒன்றைப் புதிதாகத் தொடங்கியவன் என்ற பொருள் தமக்குத் தெளிவாயிற்று என்று அவர்கள் சொன்னதாக அறிவிக்கப்படுகிறது. திருமறையின் 35 ஆம் அத்தியாயத்தின் பெயரும் 'ஃபாத்திர்' என்பதே.

மக்காவில் பிறந்து அரபியைத் தாய்மொழியாகப் பேசிய பெரியாருக்கே, ஒரு சொல்லின் ஆழம் பிறர் வாயில் அது வழங்கிய இடத்தைக் கொண்டு விளங்கிற்று. பின்னர் அரபி அகராதி வகுத்த அறிஞர்களும் பாலைவனத்து மக்களின் பேச்சைக் கேட்டே சொற்பொருளைத் திரட்டினார்கள். ஆகவே, வழக்கிலிருந்து பொருளை அறிந்துகொள்வது அகராதிக்கும் முந்திய கல்வி என்பதில் ஐயமில்லை.

தொல்காப்பியர் காட்டும் மூன்று துணை

தமிழில் இம்முறையைத் தொல்காப்பியர் இலக்கணமாகவே வகுத்தார். பல பொருள் உடைய ஒரு சொல் வாக்கியத்தில் வந்தால், அவ்விடத்துப் பொருளை மூன்றினால் தெளியலாம் என்று சொல்லதிகாரத்தின் கிளவியாக்கத்தில் அவர் கூறுகிறார். ஒன்று வினை, மற்றொன்று இனம், மூன்றாவது சார்பு. வினை என்பது அச்சொல் கொண்டு முடியும் செயல். இனம் என்பது அதனோடு சேர்ந்து வரும் சொற்கள். சார்பு என்பது பேசும் இடமும் சூழலும்.

நாம் நாள்தோறும் வழங்கும் 'வெள்ளி' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம்.

வெள்ளி உருகிற்று. — உருகுவது உலோகம்.
வெள்ளி முளைத்தது. — முளைப்பது வானத்து விடிவெள்ளி.
வெள்ளி செலவாயிற்று. — செலவாவது பணம்.

இம்மூன்றிலும் வினையே பொருளைக் காட்டிவிட்டது. "பொன்னும் வெள்ளியும் வாங்கினார்" என்றால், பக்கத்தில் நிற்கும் பொன் என்ற இனச்சொல் வழிகாட்டுகிறது. "வியாழனும் வெள்ளியும்" என்றால், இனச்சொல் இருந்தும் ஐயம் தீரவில்லை. இரண்டும் கிழமையாகவும் இருக்கலாம், வானத்துக் கோளாகவும் இருக்கலாம். அங்கேதான் சார்பு வேண்டும். கடைக்குப் பூட்டுப் போடும் நாளைப் பற்றிய பேச்சானால் கிழமை. இரவில் முற்றத்தில் நின்று வானத்தைக் காட்டும் பேச்சானால் கோள். மலேசியாவில் பணத்தை வெள்ளி என்கிறோம். தமிழ்நாட்டில் இன்று அவ்வழக்கு இல்லை. ஆகவே நம் நாட்டு எழுத்தாளரின் கதையைப் படிக்கும் தமிழ்நாட்டு வாசகரும் இந்த மூன்று துணையையே நாட வேண்டியிருக்கும்.

நாவல் எதற்கு?

சொற்பட்டியலை மனப்பாடம் செய்தால் போதாதா என்று சிலர் கேட்கலாம். பட்டியலில் நிற்கும் சொல்லுக்கு வினை இல்லை, இனம் இல்லை, சார்பும் இல்லை. அது தேர்வு முடிந்த மறுநாள் மறந்துபோகும். நாவலிலோ, அதே மனிதர்கள், அதே தெரு, அதே வீடு இருநூறு பக்கம் வரை திரும்பத் திரும்ப வருகின்றன. ஒரு சொல் கோபத்தில் ஒரு முறை வரும். சிரிப்பில் ஒரு முறை வரும். துக்க வீட்டில் ஒரு முறை வரும். சாட்சிகள் தாமாகவே வந்து சேர்கின்றன. மேலும், அடுத்து என்ன நடக்கும் என்ற ஆவல், சோம்பல் உள்ள பிள்ளையையும் பக்கம் புரட்ட வைக்கும்.

நமக்கு உரிய நாவல்களுக்கும் பஞ்சமில்லை. இலங்கையின் கண்டி நகரத்துச் சட்ட அறிஞர் சித்திலெவ்வை 1885 இல் வெளியிட்ட 'அசன்பே சரித்திரம்' தமிழின் முதல் நாவல்களுள் ஒன்று. அதை எழுதியவர் ஒரு முஸ்லிம் என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். ப. சிங்காரம் இளமையில் சுமத்திராவின் மேடான் நகரில் வேலை பார்த்தவர். அவருடைய 'கடலுக்கு அப்பால்' 1959 இலும், 'புயலிலே ஒரு தோணி' 1972 இலும் வெளிவந்தன. ஜப்பானியர் ஆட்சிக் காலத்துப் பினாங்கும் மேடானும் அவற்றில் வருகின்றன. நமக்குத் தெரிந்த ஊரும் கடலும் கதையில் வரும்போது, சார்பு என்ற மூன்றாம் துணை பாதி வேலையை முன்னதாகவே முடித்துவிடுகிறது.

கன்னியாகுமரி மாவட்டத்துத் தேங்காய்ப்பட்டணத்தில் 1944 இல் பிறந்த தோப்பில் முஹம்மது மீரான், 1988 இல் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யை நூலாக வெளியிட்டார். முஸ்லிம் கிராமம் ஒன்றில் ஆங்கிலப் பள்ளிக்கூடம் வருவதும், அதற்கு எழும் எதிர்ப்பும் அக்கதையில் வருகின்றன. அவருடைய 'சாய்வு நாற்காலி'க்கு 1997 இல் சாகித்திய அக்காதெமி விருது கிடைத்தது. இவர் பள்ளிக் கல்வியைப் பெற்றது மலையாளத்தில் என்பது கவனிக்கத்தக்கது. வேற்றுமொழியில் படித்த பிள்ளைக்குத் தமிழ் எட்டாது என்று சொல்வோர், இவரை நினைத்துப் பார்க்கட்டும்.

ஆனால் எந்த நாவலை எப்பொழுது கொடுப்பது என்பதற்கு அளவு உண்டு. ஹூ, நேஷன் என்ற இரு அறிஞர்கள் 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலம் கற்கும் மாணவர் ஒரு கதையைப் பிறர் துணையின்றி நன்கு விளங்கிக்கொள்ள, நூற்றுக்குச் சுமார் 98 சொற்கள் முன்னரே தெரிந்திருக்க வேண்டும் என்று கண்டனர். மொழி வேறாயினும் அக்கருத்து நமக்கும் பயன்படும். ஒரு பக்கத்தில் நூறு சொற்களை எண்ணிப் பாருங்கள். தெரியாதவை இரண்டு மூன்றானால் பிள்ளை தானே படிக்கட்டும். ஐந்தாறானால் பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும். பத்துக்கு மேற்பட்டால் அந்நூல் அடுத்த ஆண்டுக்கு இருக்கட்டும். எளிய கதையொன்றை முதலில் எடுத்துக்கொள்ளலாம்.

ஆறு சொற்கள்

இனிப் பாடத்துக்கு வருவோம். கடலோர முஸ்லிம்களின் வாழ்க்கையையும் அக்கரைச் சீமை வாழ்க்கையையும் கூறும் கதைகளைப் படிக்கும்போது தெரிந்திருக்க வேண்டிய ஆறு சொற்களை எடுத்துக்கொள்வோம். கீழ்வரும் வாக்கியங்கள் எந்த நூலிலிருந்தும் எடுத்தவை அல்ல. பாடத்திற்காக நாமே அமைத்தவை.

1. பள்ளி

மோதினார் பாங்கு சொல்லப் பள்ளிக்கு விரைந்தார்.
மணி அடித்ததும் பிள்ளைகள் பள்ளியை விட்டு ஓடிவந்தனர்.
அரசர் உணவருந்திப் பள்ளியறைக்குச் சென்றார்.

முதல் வாக்கியத்தில் மோதினாரும் பாங்கும் இனச்சொற்கள்; எனவே பள்ளிவாசல். இரண்டாவதில் மணியும் பிள்ளைகளும், எனவே கல்விக்கூடம். மூன்றாவதில் உணவுக்குப் பின் செல்லும் அறை, எனவே உறங்குமிடம். மலாயில் மஸ்ஜிதுக்கு ஒரு சொல், ஸ்கோலாவுக்கு ஒரு சொல் என்று பழகிய பிள்ளைக்கு, ஒரே சொல் இவ்வளவையும் தாங்குவது வியப்பாயிருக்கும். அந்த வியப்பே சொல்லை மனத்தில் நிறுத்தும்.

2. முதலாளி

பெட்டிக்கடை முதலாளி சில்லறையை எண்ணிக் கொடுத்தார்.
தோப்பும் வயலும் உடைய முதலாளி தெருவில் நடந்தால் ஊரார் ஒதுங்கி நிற்பர். அவருக்குக் கடை எதுவும் கிடையாது.

முதல் வாக்கியத்தை மட்டும் படித்தால் முதலாளி என்பவர் கடைக்காரர் என்று தோன்றும். இரண்டாம் சாட்சி அதைத் திருத்துகிறது. சொத்தும் அதிகாரமும் உடையவருக்கும் அப்பெயர் உண்டு. மீரானின் முதல் நாவலில் ஊரை அடக்கி ஆள்பவர் அப்படித்தான் அழைக்கப்படுகிறார். இச்சொல்லின் உள்ளே 'முதல்' இருக்கிறது. மலாயில் மூலதனத்தை 'மோடால்' என்கிறார்களே, அதுவும் இந்த 'முதல்'தான். கடை 'கெடாய்' ஆயிற்று. பெட்டி 'பெத்தி' ஆயிற்று. கப்பல் 'காப்பால்' ஆயிற்று. மலாய் பேசும் நம் பிள்ளை தமிழ்ச் சொற்கள் சிலவற்றை அறியாமலே கையில் வைத்திருக்கிறது.

3. சபராளி

சபராளி ஊர் திரும்பினார் என்று கேட்டதும், அவர் பெட்டியைத் திறப்பதைக் காண உறவினர் கூடினர்.
பத்து ஆண்டு பினாங்கில் இருந்த சபராளி, கடனோடுதான் கரை இறங்கினார்.

மலாய் பேசும் பிள்ளைக்குப் பொறுமையைக் குறிக்கும் 'சபார்' என்ற சொல் உடனே நினைவுக்கு வரும். சபராளி என்றால் பொறுமைசாலி என்று கருதும். முதல் வாக்கியத்தை மட்டும் பார்ப்போர் செல்வந்தர் என்றும் கருதலாம். இரண்டாம் வாக்கியம் இரண்டையும் மறுக்கிறது. ஊர் திரும்புதல், பினாங்கு, கரை இறங்குதல் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால், பிழைப்புக்காகக் கடல் கடந்து சென்றவர் என்பது விளங்கும். பயணத்தைக் குறிக்கும் அரபிச் சொல்லாகிய 'ஸஃபர்' தமிழில் சபர் ஆகி, 'முதலாளி', 'தொழிலாளி' என்பவற்றில் வரும் 'ஆளி'யோடு சேர்ந்து நின்றது. நம் முன்னோர் அனைவரும் சபராளிகளே. அவர்கள் பெயரையே பேரப்பிள்ளை அறியாதிருத்தல் முறையாகுமா?

4. காக்கா

காக்கா தாடியை நீவிக்கொண்டே திண்ணையில் அமர்ந்தார்.
காக்கா வேலியில் அமர்ந்து கரைந்தது.

அமர்ந்தார், கரைந்தது என்ற வினைமுற்றுகளைப் பாருங்கள். 'ஆர்' மரியாதைக்குரிய மனிதரைக் காட்டுகிறது. 'அது' பறவையைக் காட்டுகிறது. கரையோர ஊர்கள் சிலவற்றிலும் இலங்கையிலும் முஸ்லிம்கள் அண்ணனைக் காக்கா என்பர். மலாயில் 'காக்காக்' என்றால் அக்காள். ஆகவே நம் பிள்ளை அக்காள் என்று எண்ணினால் வியப்பில்லை. தாடி என்ற ஒரு சொல் அந்த ஐயத்தையும் தீர்த்து வைக்கிறது.

5. ஆணம்

உம்மா சோற்றில் ஆணத்தை ஊற்றிப் பிசைந்து கொடுத்தார்.
மீன் ஆணம் அடுப்பிலேயே சுண்டிப்போயிற்று.

முதல் வாக்கியம், ஊற்றக்கூடியது என்று மட்டும் சொல்கிறது. மோராகவும் இருக்கலாம், இரசமாகவும் இருக்கலாம். இரண்டாம் வாக்கியத்தில் மீனும் அடுப்பும் வருகின்றன, எனவே குழம்பு. சில வீடுகளில் இன்றும் வழங்கும் இச்சொல், பல வீடுகளில் 'குவா' என்ற மலாய்ச் சொல்லுக்கு இடம் கொடுத்து ஒதுங்கிவிட்டது.

6. அடுத்தாள்

மேலாள் ஊருக்குக் கப்பலேறினார். அவர் திரும்பும் வரை அடுத்தாள் பேரேட்டைப் பார்த்துக்கொண்டார். பெட்டியடிப் பையன் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான்.

பழைய வட்டிக்கடைகளில் வழங்கிய பதவிப்பெயர்கள் இவை. சிங்காரத்தின் கதைகளைப் படிப்போர் இவற்றை அறிந்திருத்தல் நலம். வாக்கியத்தின் வினைமுற்றுகளைக் கவனித்தால் பதவி வரிசை தானே தெரியும். கப்பலேறினார், பார்த்துக்கொண்டார் என்று இருவருக்கு மரியாதை. வைத்தான் என்று ஒருவனுக்கு ஒருமை. முதல்வருக்கு அடுத்த நிலையில் கணக்குப் பார்ப்பவர் அடுத்தாள். பணப்பெட்டியின் அடியில் அமர்ந்து தொழில் பழகும் சிறுவன் பெட்டியடிப் பையன். தமிழில் வினைமுற்றின் கடைசி எழுத்துக்கூட இவ்வாறு சாட்சி சொல்லும்.

ஊகம் ஏமாற்றும் இடம்

"காலையில் பசியாறிவிட்டுக் கடைக்குப் போனார்" என்ற வாக்கியத்தைக் கண்டால், பசியாறுதல் என்பது காலை உணவு உண்ணுதல் என்று கொள்வோம். மலேசியாவில் நாம் பெரும்பாலும் அப்பொருளிலேயே அதை வழங்குகிறோம். ஆனால் கதையில், "இரவு வெகுநேரம் கழித்து வந்த விருந்தாளிகள் பசியாறிப் படுத்தனர்" என்று வந்தால், முன் கொண்ட பொருள் பொருந்தாது. பசி தீர உண்ணுதல் என்பதே விரிந்த பொருள். காலை உணவு என்பது இடத்துக்கேற்பக் குறுகிய பொருள். எனவே ஊகித்ததும் உறுதி என்று எண்ணிவிடலாகாது. பென்சிலால் எழுதிவைத்து, அடுத்த சாட்சி வரும்வரை பொறுத்திருக்க வேண்டும்.

மற்றொரு எச்சரிக்கை. தமிழில் சொல் தனியாக வருவது குறைவு. 'சபராளிகளுக்கெல்லாம்' என்று கதையில் இருந்தால், அந்த உருவில் அகராதியில் தேடினால் கிடைக்காது. எல்லாம், கு, கள் என்று பின்னிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றி, 'சபராளி' என்ற பகுதியைக் கண்டபின்னரே தேட வேண்டும்.

குறிப்பேடு வைக்கும் முறை

ஒரு பள்ளிக்கூட நோட்டுப்புத்தகம் போதும். பக்கத்தை ஐந்தாகப் பிரித்துக்கொள்க. முதலில் சொல், அடுத்து அது வந்த வாக்கியம், நூற்பெயரோடும் பக்க எண்ணோடும், மூன்றாவது பிள்ளையின் ஊகம், நான்காவது வேறிடத்தில் கிடைத்த இரண்டாம் சாட்சி, ஐந்தாவது பிள்ளை தானே அமைத்த வாக்கியம். ஐந்தாவது இடம் நிரம்பும் வரை அச்சொல் நம்முடையதாகவில்லை என்று கொள்க. நாளொன்றுக்கு மூன்று சொல் போதுமானது. 300 நாளில் 900 சொல் சேரும்.

அகராதியைக் கடைசியில் பார்க்க வேண்டும், பாராமலும் இருக்கலாகாது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் 'தமிழ் லெக்சிகன்' 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. பழஞ்சொற்களுக்கு அது பெருந்துணை. 1992 இல் முதற்பதிப்பாக வந்த 'க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி' பொருளோடு நில்லாமல், சொல் வழங்கும் எடுத்துக்காட்டு வாக்கியங்களையும் தருகிறது. இளம் மாணவருக்கு அது மிகவும் ஏற்றது; இரண்டாம் சாட்சியைச் சில சமயம் அகராதியே கொடுத்துவிடும்.

அகராதியில் இல்லாத சொற்கள்

ஆயினும் ஒன்றைச் சொல்லாமலிருக்க முடியாது. நம் வீட்டுச் சொற்கள் எல்லாம் அகராதியில் ஏறிவிடவில்லை. இராமநாதபுரம் கரையிலிருந்தும், தஞ்சைக் கரையிலிருந்தும், தென்காசி, கடையநல்லூர்ப் பக்கமிருந்தும் நம்மவர் கொண்டுவந்த சொற்கள் ஊருக்கு ஊர் வேறுபடும். தந்தையை ஒருவர் வாப்பா என்பார். ஒருவர் அத்தா என்பார். இச்சொற்களுக்கு இருப்பிடம் இரண்டே. ஒன்று, நம் எழுத்தாளர்களின் கதை. மற்றொன்று, வீட்டிலுள்ள முதியோரின் நாவு. கதை அச்சில் இருக்கும். முதியோர் எத்தனை காலம் இருப்பார்கள்?

ஆதலின், நாவலில் கண்ட சொல்லுக்கு இரண்டாம் சாட்சி புத்தகத்தில் கிடைக்காவிட்டால், பிள்ளையைப் பாட்டியாரிடம் அனுப்புங்கள். "இந்தச் சொல்லுக்கு என்ன பொருள்?" என்று கேட்கச் சொல்லாதீர்கள், "இந்தச் சொல்லை வைத்து ஒரு பேச்சுச் சொல்லுங்கள்" என்று கேட்கச் சொல்லுங்கள். பொருள் கேட்டால் ஒரு சொல் கிடைக்கும். பேச்சுக் கேட்டால் வினையும் இனமும் சார்பும் சேர்ந்து கிடைக்கும். உடன் ஒரு பழங்கதையும் கிடைக்கும். பேரப்பிள்ளை தம்மிடம் பேச வருவதில்லை என்று வருந்தும் முதியோருக்கு, இதைவிடச் சிறந்த மருந்து வேறில்லை.

பெற்றோருக்கு இன்னொரு செய்தி. 1996 ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி, தேசியப் பள்ளியொன்றில் குறைந்தது 15 மாணவரின் பெற்றோர் கேட்டுக்கொண்டால், அங்கே தமிழ் மொழி கற்பிக்க ஏற்பாடு செய்யப்பட வேண்டும். பதினைந்து பேர் என்பது ஒரு ஜும்ஆத் தொழுகை முடிந்து வெளியே வரும்போது ஒன்றுகூடிவிடக்கூடிய தொகைதான். கேட்போர் இருந்தால்தான் வகுப்பு இருக்கும்.

பயிற்சி

கீழே உள்ள சொற்களுக்கு வாக்கியத்தைக் கொண்டு பொருள் காண்க. எந்தத் துணையால் கண்டீர்கள், வினையா, இனமா, சார்பா என்பதையும் எழுதுக.

1. தொங்கான்: கப்பல் துறைக்கு வெளியே நின்றது, மூட்டைகளைத் தொங்கானில் இறக்கிக் கரைக்குக் கொண்டுவந்தனர். பாய் விரித்த தொங்கான் இரவெல்லாம் ஓடி, விடியலில் கரையை அணுகியது.

2. கந்தூரி: கந்தூரி என்று கேள்விப்பட்டு அக்கம்பக்கத்தார் யாவரும் வந்தனர், நெய்ச்சோறு மூன்று சட்டி காலியாயிற்று.

3. ஊர்விலக்கு: ஊர்விலக்குக்கு ஆளான வீட்டாருக்கு யாரும் நெருப்புக்கூடக் கொடுக்கவில்லை, மையித்தைத் தூக்கவும் ஆள் வரவில்லை.

4. கரை: தோணி கரை சேர்ந்தது. வேட்டியின் கரை சிவப்பு. சர்க்கரையைப் பாலில் கரை.

விடைகள்

1. சரக்கு ஏற்றும் மரக்கலம். முதல் வாக்கியத்தால் சிறு படகு என்று மட்டும் கொள்வோம். பாய் விரித்து இரவெல்லாம் ஓடுவதால் அது பெரியதாகவும் இருக்கலாம் என்பது இரண்டாவதால் விளங்கும். மலாயில் 'தொங்காங்'.

2. ஊரை அழைத்து நடத்தும் விருந்து. இனச்சொல் நெய்ச்சோறு. மலாயில் 'கெண்டூரி' என்று நம் பிள்ளைகள் அறிந்ததே.

3. ஒரு குடும்பத்தோடு எவ்விதக் கொடுக்கல் வாங்கலும் வைக்கலாகாது என்று ஊரார் விதிக்கும் தண்டனை. சார்பால் விளங்கும், ஊர், விலக்கு என்று பிரித்தாலும் விளங்கும்.

4. முதலாவது கடற்கரை, இரண்டாவது துணியின் ஓரம், மூன்றாவது கரைத்தல் என்ற ஏவல். முதலிரண்டும் பெயர்ச்சொல், மூன்றாவது வினைச்சொல். ஓரம் என்ற பொதுக்கருத்து முதலிரண்டிலும் இருப்பதைக் கவனிக்க.

இவற்றுள் மூன்றைச் சரியாகக் கண்ட பிள்ளை நாவல் படிக்கத் தகுதி பெற்றுவிட்டது என்று கொள்ளலாம். இன்றிரவே ஒரு நாவலை எடுத்து, முதல் இரண்டு பக்கத்தை உரக்கப் படிக்கச் செய்க. தெரியாத சொல் வந்தால் நிறுத்த வேண்டாம். கீழே கோடிட்டுவிட்டுக் கதையோடு செல்க. சாட்சி பின்னால் வந்துகொண்டிருக்கும். பயனுள்ள கல்வியை அல்லாஹ் நம் மக்களுக்கு அருள்வானாக. ஆமீன்.